ஒரு தடவைதான் கேட்பேன்

தீர்ப்பாயம் அகதிகளாக நாங்கள் கேட்ட பாதுகாப்பு விசா விண்ணப்பத்தை நிராகரித்த பிறகு, விசாரணையின் ஒலிப்பதிவை அனுப்பிவைத்தது. தூபா அத்தை அதைத் தன் சமையலறை மேசையில் வைத்துக் கேட்டாள். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். நான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதிவில் அப்பாவின் குரல் மிக நன்றாக இருந்தது. சொந்த ஊரான கரஜில் எங்கள் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரல். தண்ணீர் வேண்டுமா என்று தீர்ப்பாயத்தில் விசாரித்த அம்மாள் கேட்கிறார். வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்கிறார் அப்பா. கொஞ்சம் இடைவேளை விடலாமா என்கிறார். வேண்டாம், உங்கள் நேரம் பொன்னானது என்கிறார் அப்பா. அதற்குள் தொண்டை வறண்டு இருமல் வருகிறது.

"அடப்பாவி, தண்ணிகூடவா வேணாம்ங்கிற?" என்றாள் அத்தை. "நாக்கு ஒட்டிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது."

"அந்தம்மா எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வரணும்ல, அக்கா."

"எடுத்துட்டு வரட்டும். உக்காந்தே இருந்தா இடுப்பு பிடிச்சுக்கும்."

பிறகு அந்த இடம் வந்தது. அப்பா எதற்காக ஊரைவிட்டு வந்தார் என்பது முழுவதும் அந்த அச்சகத்தில்தான் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துண்டறிக்கை அடித்துக் கொடுத்தார். அதற்காக அரசாங்க ஆட்கள் கடையைப் பூட்டி ஷட்டரில் அரக்கு முத்திரை வைத்தார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு வெளியே விட்டார்கள். மறுபடி கூப்பிட்டபோது நாங்கள் விமானத்தில் இருந்தோம். அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். அதனால் விண்ணப்பத்தில் இரண்டே பெயர்கள், அப்பாவுடையதும் என்னுடையதும்.

பதிவில் அந்த அம்மாள் சொல்கிறார்: "உங்க கடைக்குச் சீல் வச்சுட்டாங்கன்னு சொல்றீங்க. அதே பேர்ல, அதே தெருவுல, கடை இன்னைக்கும் நடக்குறதா இணையத்துல இருக்கு. இதை வச்சு உங்க கதையையே நான் நம்பாம போகலாம். இதுக்கு என்ன சொல்றீங்க?"

அப்பா சொல்கிறார்: "நீங்க பார்த்திருக்கீங்கன்னா சரியாத்தான் இருக்கும்."

"சரி. மேல போகலாமா?"

"தாராளமா. உங்களை ரொம்பச் சிரமப்படுத்திட்டேன்."

அத்தை பதிவை நிறுத்தினாள். "அந்தக் கடையை இப்ப யாரு நடத்துறா?"

"கட்டடக்காரர் வேற ஒருத்தருக்கு விட்டுட்டார். பேருக்கு மவுசு இருக்குன்னு பலகையை மட்டும் மாத்தல."

"இது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

அப்பா மேசைவிரிப்பின் ஓரத்தை நீவினார். "ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்து, நீங்க சொல்றது தப்புன்னு முதல் வாய்லயே எப்படி அக்கா சொல்றது? இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன்."

இதற்கு எங்களிடம் தாரோஃப் என்று பெயர். ஒருவர் தேநீர் கொடுத்தால் வேண்டாம் என்போம். மறுபடி கேட்பார்கள், வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை, நீங்கள் இவ்வளவு சொல்லும்போது என்று வாங்கிக்கொள்வோம். கடைக்காரரிடம் விலை கேட்டால்கூட, உங்களிடம் காசு வாங்குவதா என்பார், பிறகு வாங்கிக்கொள்வார். எல்லோருக்கும் இது தெரியும். யாரும் ஏமாறுவதில்லை. அப்பா மட்டும் இதைக் கொஞ்சம் அதிகமாகச் செய்கிறவர். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டவர்.

அன்று இரவு உணவில் அத்தை சட்டியின் அடிச்சோற்றை எடுத்தாள். பொன்னிறமாக, மொறுமொறுவென்று, முழுத் தட்டாகக் கழன்று வந்திருந்தது. அப்பாவுக்கு அதுதான் உயிர்.

"ஹொர்மோஸ், வேணுமா?"

"நீங்க சாப்பிடுங்க அக்கா."

அத்தை முழுவதையும் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "இனிமே இந்த வீட்டுல ஒரு தடவைதான் கேப்பேன். வேணும்னா வேணும்னு சொல்லு. வேணாம்னா பட்டினி கெட."

அப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அவள் கடிப்பது எங்களுக்குக் கேட்டது.

நீதிமன்றத்தில் மறுஆய்வு மனுவையும் அத்தைதான் எழுதினாள். அவள் இந்த நாட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. அவளுடைய ஆங்கிலம் சந்தையில் பேரம் பேசப் போதுமானது, அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துவாள். தீர்ப்பாயம் செய்த சட்டப் பிழை என்ன என்று கேட்டிருந்த இடத்தில் இப்படி எழுதினாள்: 'என் தம்பி மரியாதையானவன். மூன்று தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வேண்டும் என்பான். தீர்ப்பாயம் ஒரு தடவைதான் கேட்டது.'

குடியேற்றத்துறை அமைச்சரின் வழக்கறிஞர்களிடமிருந்து பதில் வந்தது. மரியாதை சட்டப் பிழை ஆகாது என்று அதில் இருந்தது. நீதிமன்றம் எங்கள் கதையை மறுபடி கேட்காது, தீர்ப்பாயம் முறைப்படி நடந்துகொண்டதா என்பதை மட்டும்தான் பார்க்கும் என்றும் இருந்தது. தோற்றால் எங்கள் தற்காலிக விசா சில நாட்களில் முடிந்துவிடும். அதன் பிறகு கரஜ்தான்.

வழக்குகளின் வரிசை நீளமாக இருந்தது. இரண்டு குளிர்காலம் போயிற்று. அந்த நாட்களில் அப்பா இளைத்தார். அத்தை சொன்ன சொல் மாறவில்லை. ஆட்டிறைச்சியைக் காட்டிக் கேட்பாள். அப்பாவின் வாய் தானாக, "கை வலிக்கப் போகுது, கீழ வைங்க," என்று சொல்லிவிடும். தட்டு அப்படியே அவள் பக்கம் நகர்ந்துவிடும். பிறகு அப்பா அறைக்குள் வந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பார். நான்தான் எடுத்து வைத்திருப்பேன்.

"நீதிபதி கேட்டா உடனே சொல்லிடுவேன்," என்பார். "அது வேற. அவர் நீதிபதி. இது அக்கா."

கண்ணாடி முன் நின்று பழகவும் செய்தார். "ஆமாம் ஐயா. வேண்டும் ஐயா." கதவு வழியாக அத்தை, "ஐயாவை எடுத்துட்டு வேணும்னு மட்டும் சொல்லிப் பாரு," என்பாள். அது அவருக்கு வரவில்லை.

விசாரணை நாளில் பஸ் பிடித்து நகரத்துக்குப் போனோம். நீதிமன்ற வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலர் அத்தையின் பையிலிருந்து வெள்ளரிக்காய்களையும் உப்புப் பொட்டலத்தையும் ஒரு சிறு கத்தியையும் எடுத்தார். வெள்ளரிக்காயை விட்டுவிட்டுக் கத்தியை வைத்துக்கொண்டார்.

"கத்தி இல்லாம வெள்ளரிக்காயை எப்படிங்க தோல் சீவுறது?" என்றாள் அத்தை.

"உள்ள சாப்பிடக் கூடாதும்மா."

"சாப்பிடப் போறேன்னு யாரு சொன்னா? சீவப் போறேன்னுதான் சொன்னேன்."

அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. நானும் அப்பாவும் மேலே போனோம். அறைக்கு வெளியே ஒட்டியிருந்த பட்டியலில் எங்கள் பெயர் இல்லை, சில எழுத்துகளும் எண்களும் இருந்தன. பாதுகாப்புக் கேட்கிறவர்களின் பெயரை வெளியே போடமாட்டார்கள். அப்பா தன் எழுத்துகளைத் தேடிப்பிடித்து, பட்டியலைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினார்.

மொழிபெயர்ப்பாளர் சோராபி அங்கே நின்றிருந்தார். எங்கள் நாட்டுக்காரர். சாம்பல் நிறக் கோட்டு. வணக்கம் சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. பேசக் கூடாது என்பது அவர்கள் விதி.

அமைச்சரின் வழக்கறிஞர் வந்தபோது நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு கடுமையான கிழவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தது டால்டன் என்ற இளம்பெண். நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு கையால் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு, மறு கையில் கோப்புகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு வந்தார். அப்பா எழுந்துவிட்டார்.

டால்டன் சோராபியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் அமைச்சர் தரப்பு. உங்க மனுவுக்குப் பதில் எழுதறதுக்காக அந்தப் பதிவை முழுசாக் கேட்டேன். நீங்க எழுதின காரணம் நிக்காது. ஆனா வேற ஒண்ணு கவனிச்சேன். கடையைப் பத்தின தகவலைச் சொன்னப்போ, பதில் சொல்ல உங்களுக்கு அவகாசம் கேக்கலாம்னு தீர்ப்பாயம் சொல்லியிருக்கணும். சொல்லல. அது சட்டப்படி கட்டாயம். தப்பு நடந்திருக்குன்னு அமைச்சர் ஒத்துக்கறார். நேத்து சாயங்காலம்தான் உத்தரவு வந்துது. நீங்க சம்மதிச்சா ரெண்டு பேரும் சேர்ந்தே நீதிபதிகிட்ட கேக்கலாம். தீர்ப்பு ரத்தாகும். வேற ஒருத்தர் முதல்லேர்ந்து விசாரிப்பாங்க. இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். சம்மதமா?"

சோராபி எல்லாவற்றையும் எங்கள் மொழியில் சொன்னார். ஒன்றுகூட விடவில்லை.

அப்பா நெஞ்சில் கை வைத்தார். டால்டனின் வயிற்றையும் கையிலிருந்த கோப்புகளையும் பார்த்தார். "ஐயோ, நீங்க எதுக்கும்மா இவ்வளவு சிரமப்படணும்? இந்த நெலமையில இதையெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீங்க. எனக்காக ஒண்ணும் வேண்டாம். முதல்ல நீங்க உக்காருங்க."

சோராபி கோட்டுப் பொத்தானைத் திருகினார். பிறகு அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எனக்காக ஒன்றும் வேண்டாம் என்பது ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது.

டால்டன் குழம்பினார். "அப்போ, சம்மதம் இல்லைங்கிறாரா?"

"உங்களுக்குச் சம்மதம் இல்லையான்னு கேக்கறாங்க," என்றார் சோராபி.

"அவங்க மனசுக்கு எது சரின்னு படுதோ செய்யட்டும். நான் அவங்களைத் தொந்தரவு பண்ண விரும்பல."

நான் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் அதை, அந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடு என்று எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். டால்டன் காகிதத்தை மறுபடி கோப்பில் வைத்தார். "நல்லது. அப்போ நீதிபதிகிட்டயே விட்டுடலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உட்காரவில்லை.

அத்தை கத்திக்கு ரசீது வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். வரிசை மாறித்தான் சொன்னேன், ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கையில கொண்டுவந்து குடுத்தாளா? நீ வேணாம்னுட்டியா?"

"வேணாம்னு நான் எங்க அக்கா சொன்னேன்? மரியாதைக்கு ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணு மறுபடி கேக்கும்."

"கேக்க மாட்டா! இந்த ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க!" அத்தை சோராபி பக்கம் திரும்பினாள். "நீங்க நம்ம ஆளுதானே? இவன் என்ன சொல்றான்னு உங்களுக்குத் தெரியாதா?"

சோராபியின் காது சிவந்திருந்தது. "அம்மா, நான் வெறும் நாக்கு. அவர் சொன்னதைத்தான் நான் சொல்லணும்."

"நாக்குக்கு மூளை கிடையாதா? எந்த ஊரு நீங்க?"

"ஷிராஸ்."

"அதான பார்த்தேன். ஷிராஸ்காரன் வீடு பத்திக்கிட்டாலும் மத்தியானத் தூக்கம் முடிஞ்சுதான் எந்திரிப்பான்."

சோராபி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு திறந்து ஓர் ஊழியர் எங்கள் எழுத்துகளைக் கூப்பிட்டார்.

நீதிபதி வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். அப்பாவும் சோராபியும் முன்னால் உட்கார்ந்தார்கள், நானும் அத்தையும் பின்னால். டால்டன் எழுந்து, தன் தரப்பு பிழையை ஒத்துக்கொள்வதாகவும், ஆனால் மனுதாரர் வெளியே சம்மதம் தரவில்லை என்றும் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஜெயிச்சவங்க தோத்ததா ஒத்துக்கறாங்க. தோத்தவர் வேண்டாங்கிறார். எனக்கு இது புதுசு." மனுவைப் புரட்டினார். "காரணம் ஒன்று. 'என் தம்பி மரியாதையானவன்.'" மீதியையும் உரக்கப் படித்தார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் எழுதியதை நீதிமன்றத்தில் ஒருவர் படிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

"இதை நான் சட்டப் பிழையா ஏத்துக்க முடியாது," என்றார் நீதிபதி. "ஒருத்தர் மரியாதையானவரா இல்லையாங்கிறது என் வேலை இல்ல. அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்ங்கிறதும் இல்ல. கேக்க வேண்டியதை முறையாக் கேட்டாங்களா, அவ்வளவுதான்." அப்பாவைப் பார்த்தார். "உங்க வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பணும்னு நீங்க விரும்பறீங்களா?"

அப்பா எழுந்து நின்றார். இரண்டு குளிர்காலமாகக் கண்ணாடி முன் பழகிய இடம் இது. வாயைத் திறந்தார்.

"ஐயா எது சரின்னு நினைக்கிறீங்களோ அது," என்றார்.

சோராபி கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

நீதிபதிக்குக் கோபம் வரவில்லை. "நான் நினைக்கிறதைக் கேக்கல. இன்னொரு தடவை கேக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நீங்க வேண்டாம்னா, நான் இன்னைக்கே ரெண்டு தரப்பையும் கேட்டு முடிவு பண்ணணும். நீங்க தோக்கலாம். தோத்தா இந்த நீதிமன்றத்துல உங்களுக்கு வேற எதுவும் இல்ல. இப்போ சொல்லுங்க. வேணுமா?"

சோராபி சொல்லி முடித்தார். அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார்.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் அவளுடைய கைப்பை இருந்தது. அதன் மேல் கையை வைத்து, மெதுவாக, சாப்பாட்டு மேசையில் தட்டை இழுப்பதுபோல், தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணும்," என்றார் அப்பா.

அவர் வாயை மூடுவதற்குள் சோராபி அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

"ஐயா" சேர்க்கவில்லை என்பது அப்பாவுக்குப் பிறகுதான் உறைத்தது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. கோட்டுப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். கரஜிலிருந்து பக்கத்துக் கடைக்காரர் அனுப்பியது. ஷட்டரும் அரக்கு முத்திரையும் அதில் தெளிவாகத் தெரியும்.

"அதை நான் பார்க்கக் கூடாது," என்றார் நீதிபதி. "உங்க கதை உண்மையான்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. அதைப் பத்திரமா வச்சிருந்து புதுசா விசாரிக்கறவங்ககிட்ட குடுங்க. அவகாசம் வேணுமான்னு கேட்டா, வேணும்னு சொல்லுங்க."

தீர்ப்பு ரத்தானது. உத்தரவைப் படித்து முடிக்க, ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நீதிபதி அடுத்த எழுத்துகளைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே டால்டன் பெட்டியின் கைப்பிடியை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா போய் அதைப் பிடித்தார். டால்டன் சிரித்துக்கொண்டே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பா விடவில்லை. டால்டன் மறுபடி வேண்டாம் என்றார், இந்த முறை சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்றாவது தடவை சொல்வதற்குள் அப்பா பெட்டியை லிஃப்ட் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்விட்டார். டால்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"அந்தப் பொண்ணு நிஜமாவே வேணாம்னுதான்டா சொன்னா," என்றாள் அத்தை, லிஃப்ட் மூடிய பிறகு.

"அப்படியா?" என்றார் அப்பா. அவருக்கு வருத்தமாகிவிட்டது.

சோராபி எங்களைத் தாண்டிப் போனார். அத்தை பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினாள். அவர் நெஞ்சில் கை வைத்து, "உங்க கை நோகக் கூடாது," என்றார். அத்தை வெள்ளரிக்காயை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். சோராபி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கீழே கத்தியைத் திரும்ப வாங்கினோம். பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து புகைப்படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எதுவும் முடியவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். இன்னொருவர் இன்னோர் அறையில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்பார். நம்பலாம், நம்பாமலும் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தேநீர் போட்டாள். மேசைக்குக் கொண்டுவந்து, "வேணுமா?" என்றாள்.

"நீங்க முதல்ல குடிங்க அக்கா," என்றார் அப்பா.

அத்தை அவருடைய கண்ணாடிக் குவளையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கப் போனேன். அப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வெகுநேரம் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா," என்றார் கடைசியில். "டீ குடுங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அத்தை அதே குவளையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அப்பா கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தார். அது முழுவதும் ஆறிப்போயிருந்தது. மேலே ஆடைகூடக் கட்டியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் அத்தை.

"பிரமாதம் அக்கா," என்றார் அப்பா. "இந்த மாதிரி டீ நான் குடிச்சதே இல்ல."